த்ரெட்டா, பிராசஸா, நம்பாவா? பைத்தான் கணக்கை எல்லாக் கோர்களிலும் ஓட்டுவது எப்படி

கணினியில் நாலு கோர் (கணக்கிடும் அலகு) இருக்கும். ஸ்கிரிப்ட் ஓடும்போது பார்த்தால் ஒன்று மட்டும் மூச்சுமுட்ட வேலை செய்யும், மற்ற மூன்றும் சும்மா கிடக்கும். இதற்குச் சொல்லப்படும் வழிகளை ஒரே கணக்கை வைத்துப் பார்க்கலாம்: முப்பரிமாணத்தில் 20,000 புள்ளிகள், குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் ஜோடிகள் எத்தனை? சரிபார்க்க வேண்டிய ஜோடிகள் ஏறத்தாழ 20 கோடி.

முதலில் எல்லோரும் போவது த்ரெட்டிங் பக்கம்: ஒரே நிரலுக்குள் வேலையைப் பல இழைகளாக (த்ரெட்) பிரிப்பது. வழக்கமான பைத்தானில் ஜிஐஎல் என்ற பூட்டு இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் கட்டளைகளை ஓட்ட முடியும். லூப்பை நாலு த்ரெட்டுக்குப் பிரித்தாலும் வேகம் கூடாது, பூட்டுக்கான போட்டியில் சில சமயம் குறையவும் செய்யும். 2024 அக்டோபரில் வந்த 3.13இல் இந்தப் பூட்டு இல்லாத பதிப்பு சோதனையாக வந்தது, 3.14இல் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவும் கிடைத்தது. ஆனால் அதைத் தனியாக நிறுவ வேண்டும். அதற்குத் தயாராகாத ஒரு சி நூலகத்தை இம்போர்ட் செய்தாலே பூட்டு திரும்ப வந்துவிடும். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

எண் அணிகளுக்கான நூலகமான நம்பை (NumPy)? எல்லாத் தூரங்களையும் ஒரே அணியாக (array) போட்டால் 3.2 ஜிபி நினைவகம் போய்விடும், இடைக்கணக்குகளுக்கு அதற்கு மேலும். அணிப் பெருக்கல் தானாகவே பல கோர்களில் ஓடும். கூட்டல், வர்க்கமூலம் எல்லாம் ஒரே கோரில்தான். கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி த்ரெட்களிடம் கொடுத்தால் பலன் உண்டு, ஏனென்றால் நம்பை உள்ளே கணக்கிடும்போது பெரும்பாலும் பூட்டை விட்டுவிடும். துண்டுகள் பெரிதானால் மட்டும் நினைவகப் போக்குவரத்து இடிக்கும்: ஒரே குழாயில் நாலு குடம் வைத்த கதை.

இந்தக் கணக்குக்கு என் ஓட்டு நம்பாவுக்குத்தான் (Numba). பைத்தான் செயற்கூறை இயந்திர மொழியாக மாற்றும் நூலகம் அது. லூப்பை அப்படியே வைத்து, செயற்கூறின் தலையில் ஒரு வரி சேர்த்து, வெளி லூப்பின் ரேஞ்சை (range) பிரேஞ்ச் (prange) என்று மாற்றினால் போதும். இயந்திர மொழியாக மாறுவதிலேயே வேகம் பல பத்து மடங்கு கூடும், கோர்களின் லாபம் அதற்கு மேல். நினைவகமும் தின்னாது.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. ஒரு ஜோடியை இருமுறை எண்ணாமல் இருக்க, உள் லூப்பை அடுத்த புள்ளியிலிருந்து தொடங்குவோம். நம்பா வெளி லூப்பைச் சமமாக நாலாகப் பிரிக்கும். முதல் கால்வாசிப் புள்ளிகளிடம் மட்டும் 16இல் 7 பங்கு ஜோடிகள் சேர்ந்துவிடும். கடைசி த்ரெட்டுக்கு வெறும் ஒரு பங்கு. அதனால் நாலு கோர் போட்டும் 2.3 மடங்குக்கு மேல் போகாது. பிரிக்கும் துண்டின் அளவைக் குறைத்தால் இது சரியாகும். அதற்கான அமைப்பு நம்பாவிலேயே இருக்கிறது. எண்ணிக்கையை ஒரே மாறியில் கூட்டினால் நம்பா பார்த்துக்கொள்ளும். ஆனால் எண்ணிக்கையைத் தூரவாரியாகப் பிரித்து, ஒரே அணியின் கட்டங்களில் பல த்ரெட்கள் கூட்டினால் விடை சத்தமில்லாமல் தப்பாகும், பிழைச் செய்தி எதுவும் வராது.

அப்புறம் மல்டிபிராசஸிங், அதாவது வேலையைத் தனித்தனி பிராசஸ்களாக ஓட்டுவது. ஒவ்வொரு பிராசஸுக்கும் தனிப் பைத்தான், தனிப் பூட்டு. நம் புள்ளிகள் 480 கேபிதான், அனுப்புவது ஒரு செலவே இல்லை. ஆனால் மெதுவான லூப்பை நாலு இடத்தில் ஓட்டி என்ன லாபம்? அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் மாதிரி நம்பாவுக்குப் புரியாத நூலகங்கள் நடுவில் வரும்போதுதான் இது கைகொடுக்கும். அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 8 கோர் கணினியில் 8 பிராசஸ் திறந்து, ஒவ்வொன்றிலும் நம்பை அணிப் பெருக்கலுக்கு 8 த்ரெட் எடுத்தால் மொத்தம் 64; அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எல்லாமே மந்தமாகும். OMP_NUM_THREADS என்ற சூழல் மாறியை 1 என்று வைத்துவிடுங்கள். அதையும் நம்பையை இம்போர்ட் செய்வதற்கு முன்பே வைக்க வேண்டும், பிறகு வைத்தால் அது கண்டுகொள்ளாது.