பழைய கேம் பதிப்பை யார் பத்திரமாக வைத்திருப்பது?

ஆர்ச் லினக்ஸின் ஏ.யூ.ஆரில் (பயனர்களே பேக்கேஜ் செய்முறைகளைப் பகிரும் தளம்) ஒரு சிறிய கேமின் பேக்கேஜை, அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் பொதியை, நான் கவனித்துவந்தேன். ஒருநாள் பில்ட் போட்டால் (பேக்கேஜைக் கட்டினால்), டவுன்லோடு முடிந்த கையோடு செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு) சரிபார்க்கும் இடத்தில் 'ஃபெயில்டு' என்று வந்து நின்றது. கேமை உருவாக்கியவர் புதுப் பதிப்பைப் பழைய கோப்பின் பெயரிலேயே ஏற்றியிருந்தார். பெயர் அதே, உள்ளே இருப்பது வேறு. புதுக் கோப்பின் செக்சத்தைப் போட்டு அன்றிரவே சரிசெய்துவிட்டேன். மறுநாள் ஒருவர் எழுதினார்: "நான் சேமித்த ஆட்டம் (சேவ்) எல்லாம் பழைய பதிப்பில் இருக்கிறது, அது கிடைக்குமா?" கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஏ.யூ.ஆரில் இருப்பது செய்முறைக் குறிப்பு மட்டும்தான்; கேமின் கோப்பு உருவாக்கியவரின் சர்வரில்தான் இருக்கும்.

'புதுசு இருக்கும்போது பழசு எதற்கு?' என்ற கேள்விக்கு ஓப்பன்டிடிடி என்ற போக்குவரத்து கேம் நல்ல பதில். அதில் சேர்ந்து விளையாட இருவரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீட்டில் இருப்பது அந்தக் கேமின் 13.0 பதிப்பு. 2024 ஏப்ரலில் 14.0 வந்துவிட்டது. டெபியன் 12-காரரும் ஆர்ச்காரரும் ஒரே ரயில் பாதையைப் போட வேண்டுமென்றால் ஒருவர் இறங்கியோ ஏறியோ வந்தாக வேண்டும். ஓப்பன்டிடிடி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தன் சர்வரில் தனி ஃபோல்டர் வைத்திருப்பதால் அது சில நிமிட வேலை. வைத்திருக்காத கேம்களில் அந்த ஆட்டமே நடக்காது.

ஆக, பழைய பதிப்பை யார் வைத்திருப்பது? உருவாக்கியவரா, டிஸ்ட்ரோவா (ஆர்ச், டெபியன் போன்ற லினக்ஸ் வகை), கிட்ஹப் மாதிரி நிரல்களைப் பகிரும் தளமா, ஆவணக் காப்பகமா? நான்கையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உருவாக்கியவரே வைத்திருப்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்ற கோட்டை கட்டும் கேம். அதன் தளத்தில் 'பழைய பதிப்புகள்' என்றே ஒரு பக்கம் உண்டு. பட்டியல் 2006 வரை பின்னோக்கிப் போகிறது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பதிப்பு எண் இருக்கும்: 0.47.05 என்றால் பெயரில் 47_05. பேக்கேஜ் செய்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. டிஎஃப்ஹேக் என்ற துணைக் கருவி கேமின் நினைவகத்துக்குள் நேரடியாகக் கைவைப்பது; கேமின் பதிப்பு ஒரு புள்ளி மாறினாலும் அதையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். கேம் முன்னே போய்விடும், கருவி பின்னால் வரும். இடைப்பட்ட நாட்களில் பழைய பதிப்புதான் பிழைப்பு. நிக்ஸ் என்ற பேக்கேஜ் கருவியின் தொகுப்பில் இந்தக் கேமுக்குப் பல பதிப்புகளையும் அவற்றின் செக்சம்களையும் வரிசையாக எழுதிவைக்க முடிந்ததற்குக் காரணம், அந்த லிங்குகள் சாகவில்லை என்பதே. 2022 டிசம்பரில் 50-ஆம் வரிசை வந்தபோது 47-இன் சேவ்கள் அதில் திறக்கவில்லை. பல வருடம் வளர்த்த கோட்டையை விட மனமில்லாதவர்கள் இன்றும் 47_05-ஐ இறக்கிக்கொள்கிறார்கள்.

இந்த வழியின் பலவீனம், எல்லாமே ஒரே ஆளையோ ஒரே நிறுவனத்தையோ நம்பியிருப்பது. குவேக் கேம்களை உருவாக்கிய ஐடி சாப்ட்வேர் ஒரு காலத்தில் கோப்புகளை இறக்கிக்கொள்ள எஃப்.டி.பி. சர்வர் வைத்திருந்தது. குவேக் 3-இன் லினக்ஸ் பேட்ச் (திருத்தக் கோப்பு), 1.32, அதில் கிடைத்தது. அந்த சர்வர் இன்று இல்லை. கேமின் சோர்ஸ் (மூல நிரல்) 2005-லேயே ஜி.பி.எல். என்ற சுதந்திர மென்பொருள் உரிமத்தில் வெளியானது, ஆனால் படங்களும் ஒலிகளும் அடங்கிய தரவுக் கோப்புகள் அதில் சேரவில்லை. குறுவட்டில் இருக்கும் பாக்0 கோப்பு மட்டும் போதாது. பேட்சில் வரும் பாக்1 முதல் பாக்8 வரை வேண்டும். இதற்காகவே டெபியனில் கேம்-டேட்டா-பேக்கேஜர் என்ற கருவி இருக்கிறது. உங்கள் கையிலுள்ள கோப்புகளின் செக்சம் சரிதானா என்று பார்த்து, உங்கள் கணினியிலேயே பேக்கேஜாகக் கட்டிக்கொடுக்கும். பேட்ச் கோப்பை யார் யாரோ தன்னார்வலர்கள் நகலெடுத்து வைத்ததால்தான் இந்த ஏற்பாடு பிழைத்தது.

அடுத்தது டிஸ்ட்ரோவே நகல் வைத்துக்கொள்வது. யாரும் மாற்றலாம், பகிரலாம் என்ற சுதந்திர மென்பொருள் கேம் என்றால் இதற்கு நிகர் கிடையாது. டெபியன் சோர்ஸ் கோப்பைத் தன் மிரர்களிலேயே (நகல் சர்வர்களிலேயே) வைத்துக்கொள்கிறது. கேமின் தளம் நாளைக்கே மறைந்தாலும் பில்ட் நிற்காது. டெபியனின் ஸ்னாப்ஷாட் தளத்தில் 2005 முதல் வந்த பேக்கேஜ்களைத் தேதிவாரியாகத் தேடி எடுக்கலாம். ஃபெடோரா டிஸ்ட்ரோவும் சோர்ஸ் கோப்புகளைத் தன் சொந்தக் கிடங்கில் ஏற்றிவைக்கிறது. ஜென்டூ டிஸ்ட்ரோவின் மிரர்கள் இந்த அளவுக்குப் போவதில்லை. எந்தப் பேக்கேஜும் கேட்காத கோப்பு சில நாளில் நீங்கிவிடும்.

உரிமம் குறுக்கே வந்தால் இந்தக் கோட்டையும் உதவாது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் மறுபடி விநியோகிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு எத்தனையோ கேம்கள் இருக்கின்றன. அவற்றை டிஸ்ட்ரோ நகலெடுக்க முடியாது. ஜென்டூவில் இப்படிப்பட்ட பேக்கேஜ்களில் சிலவற்றுக்கு, கோப்பை நாமே உருவாக்கியவரின் தளத்துக்குப் போய் இறக்கி, டிஸ்ட்ஃபைல்ஸ் ஃபோல்டரில் போட்ட பிறகுதான் நிறுவல் தொடங்கும். நிக்ஸின் பொதுக் கேஷிலும் (கட்டித் தயாராக வைத்த பேக்கேஜ்களின் கிடங்கு) சுதந்திரமற்ற மென்பொருளுக்கு இடமில்லை. பாதுகாப்பு வலை அதிகம் தேவைப்படும் கேம்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை. என் கவலை முழுவதும் இவற்றைப் பற்றியதே.

நிரலின் பதிப்புகளைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளில் ஒரு டேக் (பதிப்பின் அடையாளப் பெயர்) போட்டால் போதுமே என்று பல டெவலப்பர்கள் நினைக்கிறார்கள். டேக் கட்டாயம் வேண்டும், அது மட்டும் போதாது. டேக்கிலிருந்து கிட்ஹப் தானாகத் தயாரிக்கும் சுருக்கக் கோப்பு எப்போதும் பைட்டுக்கு பைட் ஒரே மாதிரி இருக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2023 ஜனவரி 30-ஆம் தேதி அவர்கள் கிட் மென்பொருளைப் புதுப்பித்தபோது சுருக்கும் முறை மாறி, உள்ளடக்கம் மாறாமலே செக்சம்கள் மாறிவிட்டன. உலகெங்கும் பில்ட்கள் உடைந்தன. சில மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிட்டார்கள் என்றாலும், பேக்கேஜ் செய்பவர்களுக்கு அது நல்ல பாடம். தனிக் கிடங்காக வைத்து இணைக்கும் சப்மாட்யூல்களும் அந்தத் தானியங்கிக் கோப்பில் வராது. சில கேம்களில் இசையும் படங்களும் அங்கேதான் இருக்கும். டெவலப்பர் தானே எல்லாம் அடங்கிய ஒரு டார் கோப்பைக் கட்டி ரிலீஸில் இணைத்துவிட்டால் இந்த இரண்டு சிக்கலும் தீரும்.

காப்பகங்களில் சோர்ஸைச் சேமிக்கும் சாப்ட்வேர் ஹெரிட்டேஜ் மகத்தான முயற்சி. பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனம் தொடங்கியது. கைக்ஸ் டிஸ்ட்ரோ, மூல லிங்க் செத்துவிட்டால் அங்கே போய்த் தேடுகிறது. அங்கே சேமிக்கப்படுவது டார் கோப்பு அல்ல, அதன் உள்ளே இருக்கும் சோர்ஸ் கோப்புகள். அதனால் பழைய செக்சத்துக்குப் பொருந்தும் டார் கோப்பை மீண்டும் கட்டியெழுப்பவே டிஸ்ஆர்க்கைவ் என்று தனிக் கருவி எழுத வேண்டியிருந்தது. சோர்ஸ் இல்லாமல் பைனரியாக மட்டும் வரும் கேமுக்கு இந்த வழி கிடையாது.

கேம் விற்கும் தளமான ஸ்டீமிலும் டெவலப்பர் விரும்பினால் பழைய பதிப்பைத் தனிக் கிளையாக வைக்கலாம். விளையாடுபவருக்கு நல்லது, பேக்கேஜுக்குப் பயனில்லை. இட்ச்.ஐஓ என்ற இன்னொரு கேம் தளத்தில் டவுன்லோடு லிங்க் சிறிது நேரத்தில் காலாவதியாகும், அதைப் பேக்கேஜில் எழுதிவைக்க முடியாது.

என் தேர்வு இதுதான். சுதந்திரக் கேம் என்றால் டிஸ்ட்ரோவின் நகல். மற்றவற்றுக்கு உருவாக்கியவரின் சர்வர். பழைய பதிப்பை விட்டுவைத்தால் அதற்கும் பிழைப் புகார் வரும் என்று டெவலப்பர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. முகப்பில் புதியதை மட்டும் காட்டி, பழையதைத் தனிப் பக்கத்தில் 'இவற்றுக்கு உதவி கிடையாது' என்ற வரியோடு வைக்கலாம். கோப்பின் பெயரில் பதிப்பு எண் வேண்டும். ஒருமுறை ஏற்றியதன் மேல் இன்னொன்றை ஏற்றக் கூடாது.

இதைத்தான் அந்தச் சிறிய கேமை உருவாக்கியவருக்கும் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது என்றார். தன் பழைய மடிக்கணினியில் தேடி, விட்டுப்போன பதிப்பை எண்ணோடு பெயரிட்டு ஏற்றினார். என் பேக்கேஜின் கிட் வரலாற்றில் பழைய செக்சம் அப்படியே இருந்தது. இறக்கி ஒப்பிட்டேன். 64 எழுத்தும் பொருந்தின. அந்த லிங்கைக் கேட்டவருக்கு அனுப்பிவைத்தேன்.