ஐஎஸ்ஏ-டேப்பும் அதன் மென்பொருள்களும்: வடிவம் அருமை, கருவிகளில் பாதிதான் தேறும்

ஆய்வுக் கட்டுரையோடு இணைப்பாக வரும் எக்செல் கோப்பைத் திறந்தால் பல நேரம் சி1, சி2, டி1, டி2 என்று தலைப்பு போட்டு வெறும் எண்கள்தான் இருக்கும். சி என்றால் கன்ட்ரோல், அதாவது ஒப்பிடுவதற்கான குழு என்று ஊகித்துவிடலாம். டி என்பது மருந்து கொடுத்த குழுவா, நேரமா, திசுவா? கட்டுரையின் செய்முறைப் பகுதியை வரிவரியாகத் துழாவ வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட வேண்டும், அதற்குள் அந்தச் சோதனையைச் செய்த மாணவர் லேப்பை விட்டே போயிருப்பார். அடுத்தவர் தரவை எடுத்து மறுபடி அலசுகிற எல்லோருக்கும் பழகிப்போன தொல்லை இது. இதைத் தீர்க்க வந்தவற்றில் நான் அதிகம் பயன்படுத்துவதும், மற்றவர்களிடம் தயங்காமல் சொல்வதும், சோதனை எப்படி நடந்தது என்பதைத் தரவோடு சேர்த்து எழுதிவைக்கும் ஐஎஸ்ஏ வடிவத்தைத்தான். அதைச் சுற்றியுள்ள மென்பொருள்கள் எல்லாவற்றையும் அப்படிச் சொல்ல முடியவில்லை, அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

ஐஎஸ்ஏ என்பது இன்வெஸ்டிகேஷன், ஸ்டடி, அஸே என்ற மூன்று அடுக்கு. மேலே மொத்தத் திட்டம்: தலைப்பு, ஆட்கள், கட்டுரைகள், செய்முறைகளின் பட்டியல். நடுவில் எந்த உயிரியிலிருந்து எந்த மாதிரி எடுக்கப்பட்டது, அதற்கு என்ன செய்யப்பட்டது. கீழே எந்தக் கருவியில் எதை அளந்தோம், எந்தத் தரவுக் கோப்பு வந்தது. மூன்றும் டேப் குறியால் பிரித்த சாதாரண உரைக் கோப்புகள்தான் (ஐஎஸ்ஏ-டேப் என்பது இந்த வடிவம்தான்), எந்த எடிட்டரிலும் திறக்கும். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன்னா-அசுன்டா சான்சோன், பிலிப் ரோக்கா-செர்ரா ஆகியோரின் குழு இதை முன்னின்று வளர்த்தது. மென்பொருள் தொகுப்பு பற்றிய கட்டுரை 2010-இல் வந்தது. எல்லாமே இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது.

இதற்கு முன்பும் தரநிலைகள் இருந்தன. பல மரபணுக்களின் செயல்பாட்டை ஒரே சில்லில் அளக்கும் மைக்ரோஅரே முறையின் தரவுக்கு 2001-இல் வந்த மியாமே என்ற தரநிலை, என்னென்ன தகவல் கட்டாயம் தர வேண்டும் என்று சொன்னது. ஆனால் அது மைக்ரோஅரேக்கு மட்டும். ஒரே சுண்டெலியின் கல்லீரலிலிருந்து ஆர்என்ஏ வரிசைமுறை, புரதம், வளர்சிதைப் பொருள்கள் மூன்றையும் அளந்திருந்தால் மூன்று இடத்துக்கு மூன்று விதமாக எழுதிக்கொடுக்க வேண்டும், மூன்றும் ஒரே எலியிலிருந்து வந்தவை என்ற செய்தி எங்கேயோ தொலைந்துபோகும். ஐஎஸ்ஏவில் அந்த எலி ஸ்டடி கோப்பில் ஒரே முறை வரும், மாதிரியின் பெயரைப் பிடித்துக்கொண்டு மூன்று அஸே கோப்புகளும் அதோடு சேர்ந்துவிடும். என்னைப் பொறுத்தவரை இதை எடுத்துக்கொள்ள இந்த ஒரு காரணமே போதும்.

உள்ளே எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பார்ப்போம். ஸ்டடி கோப்பில் ஒரு வரி என்பது இடமிருந்து வலமாக ஓடும் ஒரு பாதை: முதலில் மூலம், அதாவது எலி, அடுத்து அதன் பண்புகள், பிறகு திசு எடுத்த செய்முறையின் பெயர், கடைசியில் மாதிரியின் பெயர். உயிரி என்ற நெடுவரிசையில் சுண்டெலி என்று எழுதினால் அதன் வலப்பக்கம் இன்னும் இரண்டு நெடுவரிசைகள் வரும், ஒன்றில் அந்தச் சொல் எந்த ஆன்டாலஜியிலிருந்து, அதாவது எந்தப் பொதுச் சொல் பட்டியலிலிருந்து வந்தது என்பது, மற்றதில் அதன் அடையாள எண். அமெரிக்காவின் என்சிபிஐ தகவல் மையம் வைத்திருக்கும் உயிரின வகைப்பாட்டில் சுண்டெலிக்கு 10090, மனிதருக்கு 9606. ஒருவர் மவுஸ் என்றும் இன்னொருவர் லத்தீன் பெயரையும் எழுதினாலும் எண் ஒன்றுதான், கணினி குழம்பாது. மருந்தின் அளவு என்றால் எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகுக்கும் ஒரு நெடுவரிசை. எந்த அலகு என்று தெரியாமல் கிடக்கும் எண்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இப்போது குறை. அந்த ஆன்டாலஜி நெடுவரிசைகளின் தலைப்பு எல்லா இடத்திலும் ஒன்றேதான், ஒரே கோப்பில் பத்து முறைகூட வரும். எது எதைச் சேர்ந்தது என்பதை அது நிற்கும் இடம்தான் சொல்கிறது. எக்செலில் திறந்து யாராவது ஒரு நெடுவரிசையை அழகுக்காக நகர்த்திவிட்டால் திசுவின் எண் பாலினத்தோடு ஒட்டிக்கொள்ளும், கோப்பின் வடிவம் சரியாகவே இருக்கும், அர்த்தம்தான் கெட்டிருக்கும். பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளுக்கான பாண்டாஸ் நூலகத்தை வைத்துப் படித்தால் ஒரே பெயருள்ள நெடுவரிசைகளுக்கு அது தானாகப் புள்ளியும் எண்ணும் சேர்த்துவிடும், அப்படியே திருப்பிச் சேமித்தால் கோப்பு ஐஎஸ்ஏவாகவே இருக்காது. பல மாதிரிகளை ஒன்றாகக் கலந்து அளந்திருந்தால் அதே பெயர் பல வரிகளில் திரும்பத் திரும்ப வரும், புதிதாகப் பார்ப்பவர் தவறுதலாக இரண்டு முறை எழுதிவிட்டார்கள் போல என்று நீக்கிவிடுவார். அட்டவணை வடிவத்தோடு பிறந்த சிக்கல் இது. பின்னால் வந்த, நிரல்கள் படிப்பதற்கு வசதியான ஜேசன் வடிவத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாளம் உண்டு, அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஜேசனை லேப்பில் உட்கார்ந்து கையால் நிரப்பவும் யாராலும் முடியாது.

எக்செல் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஒரு ஆய்வு காட்டியது, கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே செப்ட்1-ஐ செப்டின்1 என்றும் மார்ச்1-ஐ மார்ச்எஃப்1 என்றும் மாற்றியது. உரைக் கோப்புதானே என்று ஐஎஸ்ஏ கோப்பையும் எக்செலில் திறந்து சேமிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்கவும். மாதிரிப் பெயர்களும் இப்படி மாறக்கூடும்.

அப்புறம் மென்பொருள்கள். ஐஎஸ்ஏகிரியேட்டர் ஜாவாவில் எழுதிய டெஸ்க்டாப் செயலி. யோசனை அபாரமானது: நிரல் எழுதத் தெரியாத உயிரியலாளரும் படிவம் நிரப்புவதுபோல நிரப்பலாம், ஆன்டாலஜிச் சொற்களைச் செயலிக்குள்ளேயே தேடலாம், ஏற்கெனவே உள்ள விரிதாளை இழுத்து நெடுவரிசைகளைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் இது பழைய காலத்துச் செயலி, வளர்ச்சி பைத்தான் பக்கம் போய்விட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். சொல்ல முடியாததில் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் சோதனை மேசையில் நிற்பவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவி அதுதான்.

ஐஎஸ்ஏடூல்ஸ் என்ற பைத்தான் நூலகம் நன்றாகவே இருக்கிறது. அட்டவணை வடிவத்தைப் படிக்கும், எழுதும், ஜேசனாக மாற்றும், சரிபார்க்கும். நிறைய மாதிரிகள் இருந்தால் கோப்பை நிரலிலேயே உருவாக்கிவிடுங்கள், மேலே சொன்ன நெடுவரிசைக் குழப்பமே வராது. சரிபார்ப்பின் பிழைச் செய்திகள்தான் பொறுமையைச் சோதிக்கும். எந்த வரியில் என்ன தவறு என்று நேராகச் சொல்லாமல் உள்ளே இருக்கும் பொருளின் பெயரைச் சொல்லும். பைத்தான் தெரிந்தவர் சமாளித்துவிடுவார். தெரியாதவர் இங்கே வராமலிருப்பதே நல்லது.

அவர்களுக்கு என்ன வழி? தாவர ஆய்வில் இருப்பவர்கள் ஜெர்மனியின் டேட்டாபிளான்ட் முயற்சியைப் பார்க்கலாம். அவர்களின் ஏஆர்சி அமைப்பு ஐஎஸ்ஏவையே எக்செல் கோப்பாக வைத்துக்கொள்கிறது, ஸ்வேட் என்ற துணைக்கருவி ஆன்டாலஜிச் சொற்களை எக்செலுக்குள்ளேயே தேடித் தருகிறது. மக்கள் எக்செலை விடப்போவதில்லை என்பதை ஒப்புக்கொண்டு கட்டிய கருவி என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது. எந்தத் துறைக்கு எந்தத் தரநிலை, எந்தத் தரவுத்தளம் என்று தேட ஃபேர்ஷேரிங் தளம் இருக்கிறது, அதைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை.

எல்லோருக்கும் ஐஎஸ்ஏ தேவையா என்றால், இல்லை. ஒரே ஒரு ஆர்என்ஏ வரிசைமுறைச் சோதனை, தரவு ஜியோ என்ற மரபணுத் தரவுத்தளத்துக்குத்தான் போகப்போகிறது என்றால் அவர்கள் தரும் விரிதாள் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், போதும். எல்லாத் துறைக்கும் பொதுவான ஜெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் போட்டால் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், நிரந்தர எண்ணும் கிடைக்கும், ஆனால் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று அது கேட்காது. ஆகவே அங்கே போடும்போதுதான் ஐஎஸ்ஏ கோப்புகளையும் கூடவே வைப்பது அதிகம் பயன்படும். ஒன்றுக்கு மேற்பட்ட அளவீட்டு முறை, பல மாதிரிகள், பல கைகள் மாறும் திட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் மாதிரி எடுக்கும் நாளிலேயே ஸ்டடி கோப்பைத் தொடங்கிவிடுங்கள். கட்டுரை அனுப்பும் வாரத்தில் உட்கார்ந்தால் பாதித் தகவல் யாருக்கும் நினைவிருக்காது.

வளர்சிதைப் பொருள் ஆய்வு என்றால் மெட்டாபோலைட்ஸ் தரவுத்தளம் 2012-இல் தொடங்கியதிலிருந்தே ஐஎஸ்ஏ-டேப்பில்தான் இயங்குகிறது, இணையத்திலேயே நிரப்பும் வசதியும் உண்டு. கற்றுக்கொள்ள விளக்கக் கையேட்டைவிட அதுவே சிறந்த இடம். அங்கே எம்டிபிஎல்எஸ்1 என்ற ஆய்வு எண்ணைத் தேடுங்கள், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்ட ஆய்வு வரும். அதன் ஸ்டடி கோப்பையும் அஸே கோப்பையும் இறக்கி அருகருகே திறந்து, ஒரே ஒரு மாதிரியின் பெயரைப் பிடித்துக்கொண்டு தரவுக் கோப்பு வரை போய்ப் பாருங்கள்.