ஆப்பிள் கூழ்: உறைய வைப்பதா, புட்டியில் அடைப்பதா?

வேகவைத்து மசித்த ஆப்பிள் கூழை ஃப்ரீசரில் உறைய வைக்கலாம்; கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் பதப்படுத்தவும் செய்யலாம்.

செலவு: உறைய வைக்க மூடியுள்ள டப்பாக்கள் போதும், மின்சாரம் மட்டும் தடைபடக் கூடாது. புட்டிக்கு ஒவ்வொரு முறையும் புதிய உள்மூடி (திருகு வளையத்துக்குள் அமரும் தட்டையான மூடி) வேண்டும். பிறகு அலமாரியே போதும்.

உழைப்பு: உறையும்போது கூழ் விரிவடையும் என்பதால், ஆறவைத்து, மேலே சற்று இடம் விட்டு மூடினால் முதல் வழியில் வேலை முடிந்தது. புட்டி முறையில் அவசரம் ஆகாது. கூழைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் விட்டு, காற்றுக் குமிழ்களை நீக்கி, விளிம்பைத் துடைத்து மூடி, அரை லிட்டர் புட்டியை 15 நிமிடமும் ஒரு லிட்டர் புட்டியை 20 நிமிடமும் நீரில் முழுக மூழ்கியபடி கொதிக்கவிட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நேரம் கூடும். ஆறிய மூடியின் நடுவை அழுத்தும்போது அது துள்ளினால் அடைப்பு சரியில்லை. அந்தப் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிடுவதே நல்லது.

ஆயுள்: இரண்டுமே ஏறக்குறைய ஓராண்டு. உறைந்த கூழ் உருகும்போது நீர் பிரியும், கிளறினால் சேர்ந்துவிடும்.

சிறிதளவே செய்வோருக்கு ஃப்ரீசரே போதும். கூடை கூடையாகப் பழம் குவிந்தால், உழைப்பைப் பாராமல் புட்டியைத்தான் பரிந்துரைப்பேன்.