குறுக்கே பைப் இருக்கிறது, உள்ளே வழி இல்லை: டூயல் எக்ஸாஸ்ட் போடுபவர்கள் கவனத்துக்கு

டூயல் எக்ஸாஸ்ட், அதாவது எஞ்சினின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் புகைக்குழாய் போட வண்டியைப் பட்டறையில் விடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு குழாய்களையும் குறுக்கே இணைக்கும் கிராஸ்ஓவர் பைப்பை வெல்டிங் வைத்து மூடுவதற்கு முன்னால் அந்த ஜாயிண்டின் உட்புறத்தை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். மூடிவிட்டால் ஒழுங்கான வேலையும் ஏமாற்று வேலையும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். எனக்குக் கிடைத்தது இரண்டாவது ரகம்.

என்னுடையது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து வி8 எஞ்சின் (பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர்) ஏற்றிய கஸ்டம் வண்டி. எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் ஹெடரிலிருந்து பின் பம்பர் வரை முழு எக்ஸாஸ்ட்டையும் புதிதாகப் போடக் கொடுத்தேன். பேசியது இதுதான்: இரண்டரை அங்குல 304 ஸ்டெயின்லெஸ் பைப், குழாய் நசுங்காத மாண்ட்ரல் வளைவு, ஹெடர் குழாய்கள் ஒன்றாகச் சேரும் கலெக்டரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் எக்ஸ் வடிவில் சேர்ந்து பிரியும் எக்ஸ் பைப், கியர்பாக்ஸை இறக்க வேண்டி வந்தால் கழற்ற வசதியாக வி-பேண்ட் கிளாம்ப். இவ்வளவும் வாய்ப்பேச்சு. எஸ்டிமேட்டில் அவர்கள் எழுதியது "கிராஸ்ஓவருடன் டூயல் எக்ஸாஸ்ட்" என்ற ஒரே வரி. வண்டி கைக்கு வந்தபோது எக்ஸைக் காணோம். சைலன்சருக்கு முன்னால், அதை ஒட்டி ஒரு எச் பைப், அதாவது இரண்டு குழாய்க்கும் நடுவே நேராக ஒரு குறுக்குக் குழாய், இருந்தது.

கேட்டதற்கு, "உங்க வண்டிக்கு எக்ஸ் செட் ஆகாது சார், எச்சுலதான் நல்ல பேஸ் வரும்" என்றார் பட்டறைக்காரர். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் வாயடைத்துப் போகிறார்கள். எச் பைப் போட்டால் சத்தம் கனமாக, அடித்தொண்டையில் வரும். எக்ஸ் போட்டால் கொஞ்சம் சன்னமாக, ஏறிய சுருதியில் வரும். எது பிடிக்கிறது என்பது அவரவர் காது. ஆனால் அதை முடிவு செய்யவேண்டியது காசு கொடுப்பவர். அதைவிடப் பெரிய கேள்வி, அந்த எச் உண்மையிலேயே எச்தானா என்பது.

குறுக்குக் குழாய் எதற்கு என்று தெரிந்தால் இந்த ஏமாற்றின் கனம் புரியும். எல்எஸ் எஞ்சினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒற்றைப்படை எண்கள் இடது பேங்க் (சிலிண்டர் வரிசை), இரட்டைப்படை எண்கள் வலது பேங்க். வரிசையை விரல் வைத்துப் பாருங்கள்: 2 முடிந்ததும் 6, இரண்டும் வலது. 3 முடிந்து மறுபடி 1, இரண்டும் இடது. ஆக ஒரே பக்கத்தில் கிராங்க் தண்டின் சுழற்சியில் 90 டிகிரி இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு வெடிப்பு, அப்புறம் ஓரிடத்தில் 270 டிகிரி மௌனம். ஒரு பக்கத்துக் குழாயில் நெரிசல், அதே நேரம் மறுபக்கத்துக் குழாய் கிட்டத்தட்ட காலி. அந்த நெரிசல் காலியான பக்கத்துக்குச் சாயத்தான் குறுக்கே வழி விடுகிறோம். எச் பைப்பில் அந்த அழுத்தம் மட்டும் இங்கும் அங்கும் போய் வரும். எக்ஸ் பைப்பில் இரண்டு பக்கத்துப் புகையும் ஒன்றோடொன்று உரசிக் கலந்து போவதால், வேகமாகச் சுழலும்போது ஒரு பக்கத்து ஓட்டம் மற்றதை இழுத்துவிடவும் செய்யும்.

ஃபிளாட்-பிளேன் கிராங்க் (முழங்கைகள் எல்லாம் ஒரே தளத்தில் அமைந்த கிராங்க் தண்டு) உள்ள வி8களிலும், சீரான இடைவெளியில் வெடிக்கும் வி6களிலும் ஒவ்வொரு பக்கமும் தன்னளவில் ஒழுங்காகவே துடிக்கும். அங்கே கிராஸ்ஓவர் பெரும்பாலும் சத்தத்தை மாற்றத்தான். ஒரே குழாயில் முடியும் நாலு சிலிண்டர் வண்டிக்குக் குறுக்குக் குழாய் போடலாம் என்று எவராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வி8 ஆகவே இருந்தாலும் கிராஸ்ஓவர் போட்டதும் குதிரைத்திறன் எகிறும் என்பவரை நம்பாதீர்கள். காதுக்குத் தெரிகிற வித்தியாசம்தான் எப்போதும் பெரிது.

என் வண்டியில் அந்தக் காது வித்தியாசமே இல்லை. 2000 ஆர்பிஎம் பக்கம் போனால் கேபினுக்குள் தலைவலி வரவழைக்கும் ஒரு முழக்கம். அந்த வேகத்தில் வி8 வினாடிக்கு ஏறக்குறைய 133 முறை வெடிக்கிறது, ஒரு பேங்குக்குப் பாதி. இரண்டு பக்கமும் கலக்காதபோது அந்தப் பாதியின் தாறுமாறான தாழ்ந்த ஒலி அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கிராஸ்ஓவர் போட்டால் முழக்கம் முற்றாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொஞ்சமாவது குணம் மாற வேண்டும். பட்டறையில் கேட்டேன். "ஓட ஓட உள்ளே கார்பன் படியும் சார், தானா சரியாயிடும்" என்றார்கள். கார்பன் படிந்து எக்ஸாஸ்ட் சரியானதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பழைய கஸ்டம் வண்டிகளில் கைதேர்ந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிச்சுப் பார்த்திருக்கியா தம்பி?" என்றார். இது பழைய வித்தை. கிராஸ்ஓவர் இல்லாத நேர்க் குழாய்களின் மேல் கலெக்டரிலிருந்து பின்னோக்கி ஒரு கோடாகச் சாதாரண பெயிண்ட் பூசி, எஞ்சினை நன்றாக இழுத்து ஓட்டினால் ஓரிடம் வரை பெயிண்ட் கருகி உரிந்திருக்கும், அதற்கப்பால் தப்பித்திருக்கும். கருகல் முடிகிற அந்த இடத்தில்தான் குறுக்குக் குழாயை வைப்பார்கள். பெயிண்ட் பூச நேரமில்லாத பட்டறைகள் கலெக்டரிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டருக்குள், கியர்பாக்ஸும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரும் இடம் விடுகிற இடத்தில் வைத்துவிடும். ஓரிரு அங்குலம் முன்பின் போனால் குடி முழுகிவிடாது. ஆனால் சைலன்சரின் வாசலில் வைப்பது வெல்டரின் முதுகுக்கு வசதி, எஞ்சினுக்கு அல்ல.

பெரியவர் என் வண்டியில் மெயின் பைப் இரண்டிலும் குறுக்குக் குழாயிலும் பூசினார். ஓட்டி வந்தபின் பார்த்தால் மெயின் பைப்பில் பழுப்பேறிச் சுருங்கியிருந்த பெயிண்ட், குறுக்குக் குழாயில் ஜாயிண்டிலிருந்து ஒரு விரல் தள்ளியே புதிதாகப் பளபளத்தது. இதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள் என்று அவரே தடுத்தார். நல்ல எச் பைப்பிலும் நிலையான ஓட்டம் கிடையாது, நடுப்பகுதி கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும். அதனால் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, 18 மில்லிமீட்டர் மரை போட்ட அந்தத் துளை வழியாகப் போர்ஸ்கோப் கேமராவை விட்டோம். திரையில் வெல்டிங் உருகி உள்ளே வடிந்த மணிகள், நீலம் பாரித்த சுவர், அப்புறம் குறுக்குக் குழாய் சேர வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓரம் பிசிறடித்த ஒரு துளை. டிரில் போட்டிருக்கிறார்கள். முக்கால் அங்குலம் இருக்கும். இரண்டரை அங்குலக் குழாயின் பரப்பில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்ப் பக்கத்தில் கேமராவை விட்டால் அந்தத் துளையும் இல்லை. சுவர் முழுசாக இருக்கிறது, வெளியே மட்டும் குழாயை ஒட்டவைத்திருக்கிறார்கள். சுத்தமான கண்துடைப்பு.

வீடியோவைக் காட்டியதும் பட்டறைக்காரர் முதலில் மழுப்பினார், பிறகு இறங்கி வந்தார். ஆனால் அவர் சொன்ன பரிகாரம் நோயைவிட மோசம்: ஹெடர் முடிகிற இடத்திலேயே, முதல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் குறுக்கே வெட்டிப் போடுகிறாராம். இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒவ்வொரு பேங்குக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் அளவைத் திருத்துவது அந்தந்தப் பக்கத்துச் சென்சார் சொல்வதை வைத்துத்தான். சென்சாருக்கு முன்பே புகை கலந்துவிட்டால் இடப்பக்கத்துக் குறைக்கு வலப்பக்கத்தில் மருந்து போகும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அதன் பின்னால் சென்சாரும் உள்ள வண்டிகளில் அவற்றையும் தாண்டித்தான் கிராஸ்ஓவர் வர வேண்டும். இன்னொன்று, சென்சாருக்கு முன்னால் வெல்டிங்கில் ஊசித் துளை இருந்தால்கூட துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுபடும். கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்லும், இசியு பெட்ரோலை அள்ளி ஊற்றும். இந்த வெல்டரை அந்த இடத்தில் கைவைக்க விட எனக்கு மனமில்லை. மறுத்துவிட்டேன்.

அதற்குள் மற்ற சாயங்களும் வெளுத்தன. வி-பேண்ட் கிளாம்ப் ஒன்றுகூட இல்லை, எல்லாமே ஒரே துண்டாக வெல்டிங். கிராஸ்மெம்பருக்கு அடியில் குழாய் தொங்குவதால் எக்ஸாஸ்ட்டை அறுக்காமல் கியர்பாக்ஸை இறக்க முடியாது. 304 என்று சொன்ன பைப்பில் காந்தம் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. இதில் ஒரு கவனம் வேண்டும்: அசல் 304கூட வளைத்த இடத்தில் காந்தத்தை லேசாக இழுக்கும், நேரான பகுதியில் வைத்துப் பாருங்கள். 409 ரக ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்தில் ஒட்டும், அது மட்டமான பொருள் இல்லை, நிறைய கம்பெனி வண்டிகளில் அதுதான் வருகிறது. ஆனால் 304க்கு காசு வாங்கிக்கொண்டு போடக் கூடாது. என்னுடையது அதுவும் இல்லை, அலுமினியப் பூச்சுக் கொடுத்த சாதா இரும்பு. வெல்டிங் சூட்டில் பூச்சு எரிந்த ஓரமெல்லாம் துரு பூத்துவிட்டது.

நீங்கள் வேலை கொடுக்கும்போது எச்சா எக்ஸா, குழாயின் விட்டம், கலெக்டரிலிருந்து எவ்வளவு தூரம், எங்கெங்கே கிளாம்ப், என்ன ரக உலோகம் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள். டேக் வெல்டிங் (தற்காலிகமாகப் புள்ளி புள்ளியாக ஒட்டுவது) வைத்ததும் கூப்பிடச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எச் என்றால் மெயின் பைப்பில் வெட்டிய துளை குறுக்குக் குழாயின் உள்விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். எக்ஸ் என்றால் நடுவில் சேரும் ஜன்னல் எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டும். வளைத்த இரண்டு குழாய்களை முதுகோடு முதுகு உரசவைத்து, நடுவில் ஒரு கீறல் மட்டும் விட்டு எக்ஸ் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். "ஏன், நம்பிக்கை இல்லையா சார்?" என்று கேட்டால் இல்லை என்றே சொல்லுங்கள்.

பெரியவர் இப்போது முன்பகுதியை அறுத்துவிட்டுச் சென்சார்களுக்குப் பின்னால் எக்ஸ் பைப்பும் இரண்டு பக்கமும் கிளாம்ப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் கேபின் முழக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது. பழைய பட்டறைக்காரரோ, வெளியில் அறுத்துவிட்டதால் வாரண்டியும் கிடையாது, பணமும் திரும்ப வராது என்கிறார். அறுப்பதற்கு முன் எடுத்த வீடியோவும், துளை போடாத அந்தக் குழாய்த் துண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எழுத்துமூலம் புகார் அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன்.