கண்ணளவா, இயற்கணிதமா, எலக்ட்ரான் கணக்கா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டியூஷனுக்குப் பஞ்சமில்லை. சொல்லித்தரும் வழிகளுக்கும் பஞ்சமில்லை. ஒரே இரசாயனச் சமன்பாட்டை ஓர் ஆசிரியர் பார்த்துப் பார்த்தே சமன் செய்யச் சொல்வார், அதாவது இருபுறமும் அணுக்கள் ஒத்துப்போகும்படி எண்களைப் போடச் சொல்வார். இன்னொருவர் அ, ஆ, இ என்று எழுத்து வைத்து இயற்கணிதமாகப் போடச் சொல்வார். படிவம் 5-க்கு (இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் வகுப்புக்கு) போனதும் மூன்றாமவர் வந்து எலக்ட்ரானை எண்ணச் சொல்வார். பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வது? "எல்லாம் ஒன்றுதான், எது வருகிறதோ அதைச் செய்" என்று தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. மூன்றில் ஒன்று சில இடங்களில் கூசாமல் பொய் சொல்லும்.

முதலில் கண்ணளவு. நம் சமையலறை எரிவாயுத் தோங்கில் (சிலிண்டரில்) இருப்பவை முக்கியமாகப் புரோப்பேனும் பியூட்டேனும். பியூட்டேனை எடுத்துக்கொள்வோம்: ஒரு மூலக்கூறில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். முழுதாக எரிந்தால் கார்பன் டையாக்சைடும் நீரும் வரும். 4 கார்பனுக்கு 4 கார்பன் டையாக்சைடு; 10 ஹைட்ரஜனுக்கு 5 நீர். வலப்பக்க ஆக்சிஜன் 8 + 5 = 13. இடப்பக்கத்தில் ஆக்சிஜன் இரண்டிரண்டாகத்தான் வரும் என்பதால் ஆறரை மூலக்கூறு வேண்டும். அரையைப் போக்க எல்லாவற்றையும் இரட்டித்தால் 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டையாக்சைடு, 10 நீர். வேலை முடிந்தது. ஆக்சிஜனைக் கடைசிக்கு வைத்ததில்தான் சூட்சுமம்: அது தனியாக நிற்பதால் அதன் எண்ணை மாற்றினாலும் வேறு எதுவும் கலையாது. ஆக்சிஜனில் தொடங்குகிற பிள்ளை அழிப்பான் தேயும்வரை அழித்துக்கொண்டிருக்கும். கணக்கு உதைக்கிறதே என்று சூத்திரத்துக்குள் கை வைப்பவர்களும் உண்டு. நீருக்குள் இன்னோர் ஆக்சிஜனைச் செருகினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. காயம் கழுவவும் தலைமுடியை வெளுக்கவும் ஆகும், குடிக்க ஆகாது.

படிவம் 4 சமன்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணளவு போதும். அது தடுமாறுவது, செம்பும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் (HNO₃) சேருவது போன்ற இடங்களில். விளைபொருள்கள் செம்பு நைட்ரேட் (Cu(NO₃)₂), நைட்ரிக் ஆக்சைடு (NO), நீர். அமிலத்தில் இருந்த நைட்ரஜன் இரண்டு இடங்களுக்குப் பிரிந்து போகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது நழுவுகிறது.

இங்கே இயற்கணிதம் கை கொடுக்கும். செம்பு அ, அமிலம் ஆ, செம்பு நைட்ரேட் இ, நைட்ரிக் ஆக்சைடு ஈ, நீர் உ என்று வையுங்கள். செம்பைப் பார்த்தால் அ = இ. ஹைட்ரஜனில் ஆ = 2உ. நைட்ரஜனில் ஆ = 2இ + ஈ. ஆக்சிஜனில் 3ஆ = 6இ + ஈ + உ. தீர்த்தால் 3உ = 4இ என்று வந்து நிற்கும். ஆகவே இ = 3, உ = 4; மற்றவை தானே விழும்: 3 செம்பு, 8 அமிலம், 3 செம்பு நைட்ரேட், 2 நைட்ரிக் ஆக்சைடு, 4 நீர். ஊகம் எதுவும் தேவைப்படவில்லை.

எலக்ட்ரான் கணக்கு இதையே மூன்று வரியில் முடிக்கும். ஒரு செம்பு 2 எலக்ட்ரானை இழக்கிறது; நைட்ரிக் ஆக்சைடாக மாறும் ஒரு நைட்ரஜன் 3 பெறுகிறது. கொடுத்ததும் வாங்கியதும் ஒத்துப்போக 3 செம்பு, 2 நைட்ரிக் ஆக்சைடு. மாறாமல் நைட்ரேட்டாகவே தங்கும் 6-ஐயும் சேர்த்தால் அமிலம் 8.

இயற்கணிதத்தைக் கண்மூடி நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு ஒரு வினை. பொட்டாசியம் பெர்மாங்கனேட், கந்தக அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் சேர்ந்தால் பொட்டாசியம் சல்ஃபேட், மாங்கனீஸ் சல்ஃபேட், நீர், ஆக்சிஜன் வரும். 2 பெர்மாங்கனேட், 3 அமிலம், 5 பெராக்சைடு இடப்பக்கம். 1 பொட்டாசியம் சல்ஃபேட், 2 மாங்கனீஸ் சல்ஃபேட், 8 நீர், 5 ஆக்சிஜன் வலப்பக்கம். இதுதான் சரியான விடை. இனி பெராக்சைடை 1 ஆக்கி, நீரை 4, ஆக்சிஜனை 3 ஆக்கிப் பாருங்கள். ஹைட்ரஜன் இருபுறமும் 8. ஆக்சிஜன் அணுக்கள் இருபுறமும் 22. அணுக்கணக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்துகிறது, வேதியியலோ தவறு. பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியக்கூடியது என்பதால், அந்தச் சிதைவை எத்தனை மடங்கு கூட்டினாலும் கழித்தாலும் அணுக்கள் சமனாகவே இருக்கும். எலக்ட்ரான் கணக்குதான் இங்கே நீதிபதி: 2 மாங்கனீஸ் 10 எலக்ட்ரானை வாங்குகின்றன, ஒரு பெராக்சைடு 2 கொடுக்கிறது, ஆகவே 5. ஆகையால் ஆக்சிஜனேற்ற வினை (எலக்ட்ரான் கைமாறும் வினை) என்று தெரிந்த உடனே எலக்ட்ரானுக்குப் போய்விடுவதே என் தேர்வு. மற்ற இடங்களில் கண்ணளவு. அதில் சிக்கினால் மட்டும் இயற்கணிதம்.

சமன் செய்த பிறகு வரும் அளவுக் கணக்கிலும் இரண்டு கட்சிகள் உண்டு: நேரடி நிறை விகிதம், மோல் வழி (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, டஜன் போல, ஆனால் மிகப் பெரியது; ஒரு மோல் பியூட்டேன் 58 கிராம், கார்பன் டையாக்சைடு 44 கிராம்). 14 கிலோ தோங் முழுவதும் பியூட்டேன் என்றே வைத்துக்கொண்டால் எவ்வளவு கார்பன் டையாக்சைடு? விகிதக்காரர் சமன்பாட்டின் 2 பியூட்டேனுக்கு 116, 8 கார்பன் டையாக்சைடுக்கு 352, ஆக 116-க்கு 352 என்று பிடித்து, 14-ஐ 352-ஆல் பெருக்கி 116-ஆல் வகுத்து, ஏறக்குறைய 42.5 கிலோ என்று சொல்லிவிடுவார். (எரிந்ததைவிட மூன்று மடங்கு எடையா என்று மலைக்க வேண்டாம், மிச்சம் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன்.) மோல்காரர் 14,000-ஐ 58-ஆல் வகுத்து, 4-ஆல் பெருக்கி, 44-ஆல் பெருக்கி அதே இடத்துக்கு வருவார். இதுவரை விகிதமே வேகம். அப்ஜெக்டிவ் தாளில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் கேள்வி 10 கிராம் கால்சியம் கார்பனேட்டையும் 100 கன சென்டிமீட்டர், 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கொடுக்கட்டும். விகிதக்காரர் 100 கிராம் கார்பனேட்டுக்கு 44 கிராம் கார்பன் டையாக்சைடு என்று பிடித்து 4.4 கிராம் வாயு என்பார். மோல் வழியில் கார்பனேட் 0.1 மோல், அமிலமும் 0.1 மோல். ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம் தேவை என்பதால் அமிலம் முதலில் தீர்ந்து, பாதிக் கார்பனேட் அடியில் அப்படியே கிடக்கும். வாயு 0.05 மோல், அறை நிலையில் மோலுக்கு 24 கன டெசிமீட்டர் என்று எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதித் தேர்வு) வினாத்தாள் தரும் எண்ணை வைத்தால் 1.2 கன டெசிமீட்டர், நிறையில் 2.2 கிராம். விகிதக்காரரின் விடை சரியாக இரு மடங்கு. கரைசலோ வாயுவோ கேள்வியில் தலைகாட்டினால், எழுதும் முதல் வரியே மோலாக இருக்கட்டும்.