வேர்க் கால்வாயைக் கழுவ: ஊசியா, சோனிக்கா, அல்ட்ராசோனிக்கா?

வேர் சிகிச்சையில் பல்லின் வேர்க் கால்வாயை மருந்துத் திரவத்தால் கழுவ மூன்று வழி. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பல் கிளினிக் வைத்திருப்பவர், தனி மெஷின் வாங்கும் முன் தன் பைசோ ஸ்கேலரை (அல்ட்ராசோனிக் அதிர்வால் பல்காரை நீக்கும் கருவி) பார்க்கட்டும். ஃபைலை (கால்வாயைச் சுரண்டும் மெல்லிய கம்பி) பிடிக்கும் அடாப்டர் அதற்குக் கிடைத்தால், அல்ட்ராசோனிக் கழுவலுக்கு வேண்டியதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

சிரிஞ்சை முதலில் முடித்துவிடலாம். 30 கேஜ் பக்கத்துளை ஊசி, தன் முனையைத் தாண்டி 1 மி.மீ. அளவுக்கே ஹைப்போவை, அதாவது கழுவும் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டை, புதுப்பிக்கும். வேர் நுனியில் காற்றுக்குமிழி அடைத்தால் அதுவும் போச்சு. நேரான முன்பல்லுக்கு, நன்றாகப் பொருந்தும் கட்டா-பெர்ச்சா குச்சியை (கால்வாயை அடைக்கும் ரப்பர் போன்ற குச்சி) வேலை நீளத்துக்கு, அதாவது கால்வாயில் கருவி போக வேண்டிய ஆழத்துக்கு, 1 மி.மீ. குறைவாக விட்டு, நிமிடத்துக்கு 100 முறை ஏற்றி இறக்கினால் குமிழி கலையும். பைசா செலவில்லை.

கீழ்க்கடைவாய்ப் பல்லின் முன்வேர்தான் சிக்கல். இரண்டு கால்வாய்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு; ஃபைல் நுழையாது, திரவம் மட்டுமே போகும். அங்கே 25 முதல் 30 கிலோஹெர்ட்ஸில் அதிரும் கம்பிக்கு ஈடில்லை. கால்வாயை வடிவமைத்து முடித்தபிறகே இறக்க வேண்டும். குறுகலில் கம்பி சுவரில் மோதும். மோதினால் அதிர்வு அடங்கும், வெட்டு விளிம்புள்ள ஃபைலாக இருந்தால் சுவரில் படியும் விழும். அதனால் 15 அல்லது 20 எண் மழுங்கல் கம்பியே நல்லது. ஹைப்போவை நிரப்பி, நீளத்துக்கு 2 மி.மீ. குறைவாக நிறுத்தி, 20 விநாடி ஓட்டுங்கள். புதிதாக நிரப்பி இன்னும் இருமுறை. பிறகு சுவரில் படிந்த துகள் படலத்தைக் கரைக்கும் 17% ஈடிடிஏ ஒரு நிமிடம், கடைசியில் மறுபடி ஹைப்போ.

ஸ்கேலரின் தண்ணீரை மூட மறந்தால் ஹைப்போ நீர்த்துப்போகும். பவரைக் கூட்டினாலும், வெறும் காற்றில் பெடலை மிதித்தாலும் கம்பி முறியும்.

பேட்டரியில் ஓடும் சோனிக் கருவி சில நூறு ஹெர்ட்ஸில்தான் அதிரும். இடுக்கில் அல்ட்ராசோனிக் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பாலிமர் முனை சுவரை வெட்டாது. வளைந்த கால்வாயில் என் ஓட்டு இதற்கே. பேட்டரியில் ஓடுவதால், சாரல் நாளில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஒன்று மட்டும்: அந்த முனை உள்ளே முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது. வெளியே எடுத்ததும் நீளத்தைச் சரிபாருங்கள்.