குதிரை மசால், வேலி மசால்: கிணற்றில் தண்ணீர் குறைவென்றால் எது?

மலேசியாவின் செபராங் பிறையில் ஆடு வளர்க்கும் நம்மவர்களில் சிலருக்கு ராமநாதபுரம் பக்கம் பங்காளிகளோடு சேர்ந்த நிலம் இன்னும் இருக்கிறது. இங்கே மூட்டையில் வந்திறங்கும் அல்ஃபால்ஃபா தீவனத்தை ஆடுகள் அடித்துப்பிடித்துத் தின்பதைப் பார்த்துவிட்டு, "இதையே ஊர்ல போடச் சொல்லு தம்பி" என்பார்கள். ஊரில் அதற்குப் பெயர் குதிரை மசால். போடலாம்தான், கிணறு தாங்கினால்.

விதைத்து 75, 80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 25 முதல் 30 நாளுக்கு ஒருமுறை. ஆனால் அறுத்த கையோடு தண்ணீர் பாய்ச்சினால்தான் அது தழைக்கும். ஆணிவேர் ஆழமாகப் போவதால் வறட்சியில் சட்டென்று சாகாது; வளராமல் அப்படியே நிற்கும். நிற்கிற பயிரை வைத்து ஆட்டை எப்படி வளர்ப்பது? பசுமையாக அளவு மீறித் தின்றால் வயிறும் உப்பிவிடும்.

இன்னொரு தீவனப்பயிரான வேலி மசால் கொஞ்சம் நிதானம். முதல் அறுப்புக்கு 90 நாள், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் தள்ளிப்போனாலும் தாங்கும். விதைத்தோல்தான் கெட்டி, 80 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுக்காவிட்டால் விதை சரியாக முளைக்காது.

உண்மையான வித்தியாசம் விதைக்கிற பட்டத்தில்தான். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது தென்மேற்கு மழை பெய்கிற சீமைக்குச் சரி. ராமநாதபுரத்துக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆடியில் விதைத்தால் முளைக்க வைக்கவே இருக்கிற கிணற்றுத் தண்ணீர் போய்விடும். புரட்டாசிக் கடைசியில் வேலி மசால் விதைத்தால் வேர் பிடிக்கும் வேலையை மழை பார்த்துக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீர் தை, மாசி அறுப்புக்கு மிஞ்சும். குதிரை மசாலை அதே நாளில் விதைத்தால் கரிசலில் மழைநீர் தேங்கி அழுகும். மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் விதைத்தாலோ, முதல் அறுப்பிலிருந்தே கிணறுதான் கதி.

தட்டைப்பயற்றையும் மறக்க வேண்டாம். 50, 55 நாளில் பூவெடுக்கும்போது ஒரே அறுப்பு, மழையோடு முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால் நிலம் முழுக்க வேலி மசால், முதல் வருடம் மட்டும் வரிசைக்கிடையில் தட்டைப்பயறு. குதிரை மசால்தான் வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்தால், கிணற்றடியில் தண்ணீர் தேங்காத மேட்டில் கால் ஏக்கர் போதும்.